மிச்சச் சூடு

அந்த ரொட்டிக்கடையின் அடுப்பறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் காலைத் தூக்க வேண்டும். அடுப்புக் கதவுக்கும் மாவு மேசைக்கும் நடுவே உடைந்த பெஞ்சின் கால் ஒன்று முட்டுக் கொடுத்து நிற்கும். அதைத் தாண்டித்தான் உள்ளே போக முடியும். தெரியாமல் தட்டிவிட்டால் தொலைந்தது. அடுப்பின் கதவு தொப்பென்று கீழே விழுந்து திறந்துகொள்ளும், உள்ளே உப்பிக்கொண்டிருக்கும் ரொட்டியெல்லாம் அமுங்கிவிடும், அப்புறம் ரொட்டியக்காவின் வாயிலிருந்து வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

ரொட்டியக்கா என்பது தெரு வைத்த பெயர். பதினாறு வருடத்துக்கு முன்னால், எங்கோ ஒரு ஓட்டலை மூடியபோது, பழைய சாமான் விலைக்கு வந்த மின்சார அடுப்பை வாங்கி வாடகை இடத்தில் வைத்து, யாரையும் கேட்காமல் தொடங்கிய கடை. அப்போதே அந்த அடுப்புக்கு வயசாகிவிட்டது. இப்போது கதவின் ஸ்பிரிங் போய், ஓரத்து அடைப்பெல்லாம் கருகி உதிர்ந்து, ரொட்டியைவிட அறைதான் நன்றாக வேகிறது. அவளோடு பன்னிரண்டு வருடமாக மாவு பிசைகிற மாவுக்காரர், "அக்கா, இன்னும் அரை மணி நேரம் நின்னா நானே பன்னு ஆயிருவேன்" என்பார். அது தினமும் சொல்கிற ஜோக். தினமும் அவள் சிரிப்பதில்லை.

அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. காலை பதினொரு மணிக்குக் கடைசி ரொட்டி வெளியே வந்ததும் சுவிட்சை அணைத்துவிடுவாள். அணைத்த அடுப்பில் சூடு லேசில் போய்விடாது. நேற்று விற்காத ரொட்டியைத் துண்டு போட்டு, தட்டில் பரப்பி, அந்த மிச்சச் சூட்டில் உள்ளே தள்ளுவாள். இரண்டு மணிக்கு எடுத்தால் மொறுமொறுவென்று ரஸ்க். ஒரு பைசா மின்சாரம் கிடையாது. கடையில் அதற்கு ரஸ்க் என்றே பெயர் இல்லை, மிச்சம் என்றுதான் பெயர். "மிச்சம் உள்ள போயிருச்சா?" என்பாள் அவள். "மிச்சம் இருக்கா?" என்று கேட்டு வாங்குவார்கள் தெருவில். கடையில் முதலில் தீர்வது அதுதான்.

அடுப்பு ஒழுக ஆரம்பித்த பிறகு மிச்சமும் போயிற்று. அணைத்த அரை மணியில் உள்ளே கையை விடலாம் என்கிற நிலை. வைத்த துண்டுகள் நடுவில் நமுத்துப்போய்ப் பல்லில் ஒட்டின. ரஸ்க்குக்கென்று மறுபடி சுவிட்சைப் போட்டால் விற்கிற காசு மின்சாரத்துக்கே போகும். நிறுத்தி ஒரு வருடம் ஆகிவிட்டது. பக்கத்துக் கடைத் தையல்காரம்மா மட்டும் விடாமல் தினமும் தலையை நீட்டி, "மிச்சம் இருக்கா?" என்று கேட்பாள். கேலியா, பழக்க தோஷமா, அவளுக்கே தெரியாது. இவள், "இல்ல" என்பாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, துடைத்த மேசையையே தினமும் மறுபடி துடைப்பாள்.

போன மாதம் மின்கட்டணம் மறுபடி ஏறியது. மைதாவுக்குக் கொடுப்பதைவிட மின்சாரத்துக்குக் கொடுப்பது அதிகம் என்று ஆனதும் அவள் கட்டடத்துச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாள். ஒன்றாம் தேதி சாவி உங்கள் கையில். மாவுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

அப்படி இருக்கையில்தான் மீட்டர் அம்மா வந்தாள். மின்சார அலுவலகத்தில் வேலை, கையில் துப்பாக்கி மாதிரி, சூட்டை அளக்கிற ஒரு கருவி. பெஞ்சுக் காலில் இடித்துக்கொள்ளாமல் தாண்டி வந்த முதல் அதிகாரி அவள்தான் என்பதால் ரொட்டியக்காவுக்கு உடனே பிடித்துவிட்டது. கருவியை அடுப்புக் கதவிலும் சுவரிலும் காட்டிக் குறித்துக்கொண்டாள்.

"நீங்க நூறு ரூவாய்க்குக் கரண்ட் எரிச்சா நாப்பது ரூவா ரொட்டிக்குப் போகலக்கா. இந்த ரூமுக்குத்தான் போகுது."

"அது எனக்குத் தெரியும்மா. என் புடவையப் பிழிஞ்சு பாத்தாலே தெரியும். புது அடுப்பு என்ன விலை, அதச் சொல்லு."

மீட்டர் அம்மா சொன்னாள். ரொட்டியக்கா பக்கத்திலிருந்த மாவு மூட்டையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முழுசாக் கேளுங்கக்கா. நகரசபைல ஒரு திட்டம் வருது. அடுப்ப அவங்களே வாங்கிக் குடுப்பாங்க. நீங்க கையிலிருந்து ஒண்ணும் போட வேணாம். இப்ப நூறு கட்டுறீங்கல்ல? புது அடுப்புல கரண்டு அறுபதுதான் ஆகும். மிச்சம் நாப்பதுல முப்பது அடுப்புக் காசுக்குப் போகும், பில்லோட சேர்ந்தே வரும். பத்து உங்களுக்கு. நாலு வருஷத்துல அடுப்பு உங்களோடது."

"ஏதாவது ஒரு மாசம் நூறுக்கு மேல வந்துட்டா?"

"அப்படி வராதபடிதான் கணக்குப் போட்டிருக்கு."

இவ்வளவு நல்ல விஷயம் என்றால் அதில் ஏதோ இருக்க வேண்டுமே. இருந்தது. மாநில அரசிடமிருந்து வந்த பணம், இந்த மாதத்துக்குள் நகரசபை தீர்மானம் போடாவிட்டால் திரும்பிப் போய்விடும். சபையில் பதினொரு பேர். எட்டுக் கை தூக்க வேண்டும். நகரசபைத் தலைவரையும் சேர்த்து ஆளுங்கட்சிக்கு ஆறு, எதிர்க்கட்சிக்கு ஐந்து. கடைசிக் கூட்டம் வெள்ளிக்கிழமை. மூன்று மாதத்தில் தேர்தல்.

ரொட்டியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஏனென்றால் அந்த ஆறில் ஒருவர் அவள் கணவர். அந்த ஐந்துக்குத் தலைவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

ஊரில் அவள் கணவருக்குத் தீர்மானம் என்று பெயர். பைப் கடை வைத்திருக்கிறார். வீட்டில் சாயங்காலம் டீயா காப்பியா என்று கேட்டால்கூட, "டீன்னு தீர்மானம் போட்டாச்சு" என்பார். தம்பிக்குத் திருத்தம் என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். சபையில் எந்தத் தீர்மானம் வந்தாலும் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவருவான். ஒருமுறை இரங்கல் தீர்மானத்துக்கே திருத்தம் கொண்டுவந்தான் என்று சொல்வார்கள். மாமனும் மச்சானும் வெளியே எலியும் பூனையுமாக நிற்பார்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் பரிமாறுகிறவள் இவள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் தொடங்கியது. தீர்மானம் பெருமையோடு சொன்னார்: "திட்டத்துக்குப் பேர் வச்சாச்சு. தலைவர் ஒளி வெள்ளத் திட்டம். ஒவ்வொரு மெஷின்லயும் தலைவர் போட்டோ ஒட்டுறோம்."

"அடுப்புலயா? ஒரே நாள்ல கருகிரும்" என்றான் தம்பி.

"பேச்சப் பாரு. மச்சான், ஊருக்கு நல்லது வருது, ஒரு கையத் தூக்கினா என்னய்யா கொறஞ்சு போவ?"

"கடனுக்கு மானியம்னு பேர் வச்சா கடன் இல்லாமப் போயிருமா மாமா? ஜனங்க கையெழுத்துப் போட்டுட்டு நாலு வருஷம் கட்டணும். அதுக்குப் பேர் கடன்."

"மிச்சப்படுற காசுல கட்டுறது எப்படிய்யா கடன்?"

"ஓஹோ! ரெண்டு வருஷத்துக்கு முன்னால, எங்க ஆட்சியில, இதே திட்டத்த நான்தான கொண்டுவந்தேன்? இதே வார்த்தையத்தான சொன்னேன்? அப்ப நீங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு கடன் கடன்னு கத்தினீங்களே!"

தீர்மானம் டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். நிறையக் குடித்தார்.

"அது மட்டுமில்ல" என்று தம்பி அக்கா பக்கம் திரும்பினான். "ஏழாவது விதியப் படிச்சியா நீ? கட்டட உரிமையாளருக்கு மட்டும்னு போட்டிருக்கு. நீ வாடகைக்கு இருக்க. திட்டம் வந்தாலும் உனக்கு அடுப்பு கெடையாது."

குழம்புக் கரண்டி அவள் கையில் அப்படியே நின்றது. "என்னங்க, அப்படியா இருக்கு?"

"எங்களுக்கு... சுருக்கம்தான் குடுத்தாங்க. ரெண்டு பக்கம்" என்றார் தீர்மானம்.

அவ்வளவுதான். கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தத்தில் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"நல்லா இருக்கு! ஒருத்தர் படிக்காம ஆமான்னு சொல்றீங்க. ஒருத்தன் படிச்சுட்டு வேணாம்னு சொல்ற. படிச்சு, அதத் திருத்தி, ஆமான்னு சொல்றதுக்கு உங்க ரெண்டு கட்சியிலயும் ஒரு ஆள் பொறக்கலையா? ஒண்ணாம் தேதி என் கடைய மூடுறேன். தெரியுமா ரெண்டு பேருக்கும்? பதினாறு வருஷம்! மாவுக்காரர்கிட்ட நான் என்ன சொல்லணும்? தலைவர் போட்டோவுக்கு எடம் பத்தல, அதனால உனக்கு வேலை இல்லன்னா?"

சாவி விஷயம் இரண்டு பேருக்கும் புதுசு. கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. தம்பி எழுந்து கை கழுவப் போனான். அன்றைக்கு மோரை யாரும் கேட்கவில்லை, அவளும் ஊற்றவில்லை.

கோபம் திங்கட்கிழமையும் ஆறவில்லை. மாவை அவளே வாங்கி அடித்துப் பிசைந்தாள். மாவுக்காரர் ஒதுங்கி நின்று, "யார் மேலக்கா?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை எதிர்க்கட்சிக்காரர்கள் ஒரு கட்டு நோட்டீசைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இது வழக்கம். இரண்டு கட்சி நோட்டீசும் அவள் கடையில்தான் வந்து விழும். யாரும் எடுத்துப் போவதில்லை, யாரும் படிப்பதில்லை. அவள்தான் பின்பக்கம் நன்றாக இருக்கிறதே என்று ஆர்டர் எழுத ஒரு கம்பியில் குத்தி வைத்துக்கொள்வாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை பன் என்று எழுத ஒன்றை எடுத்தவள், ஏனோ திருப்பிப் படித்தாள்.

"மக்களே! திட்டம் என்ற பெயரில் உங்களைச் சிக்கவைக்கப் பார்க்கிறார்கள்! இந்தக் கடல் வலையில் விழாதீர்கள்!"

கடல் வலையா? பஸ்ஸில் ஏறினால் எட்டு மணி நேரம் போக வேண்டும் கடலைப் பார்க்க. கடன் வலை என்று எழுத வந்து கடல் வலை என்று அச்சாகிவிட்டது என்பது புரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு நின்றது. இதே கடல் வலைக்கு இதற்கு முன்னாலும் ஒரு தடவை சிரித்திருக்கிறாளே?

கம்பியில் இருந்த கட்டை உருவிக் கீழே பரப்பினாள். பழைய ஆர்டர்கள், எண்ணெய்க் கறை, மாவுக் கைரேகை. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆர்டர்களுக்கு நடுவே அது இருந்தது. கொடி வேறு. தலைவர் படம் வேறு. கட்சிப் பெயர் வேறு, அவள் கணவருடைய கட்சி. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒரே ஆச்சரியக்குறி. ஒரே கடல்.

நல்ல வேளை, அச்சகக்காரர் தினமும் நாலு மணிக்குப் பன் வாங்க வருவார். வந்ததும் இரண்டையும் மூஞ்சிக்கு நேராக நீட்டினாள்.

"அதுவா?" என்றார் அவர், கொஞ்சமும் வெட்கமில்லாமல். "பழசு மாதிரியே காரமாப் போடுங்கன்னாங்க. பழசு கம்ப்யூட்டர்ல அப்படியே இருந்துச்சு. கொடிய மாத்திப் போட்டேன். தப்பிருந்தா சொல்லுங்கன்னு ரெண்டு தடவையும் அந்தந்தக் கட்சிக்குப் புரூஃப் அனுப்பினேனே? ரெண்டு தடவையும் ஓகேன்னுதான் வந்துச்சு. எனக்கு ரெண்டு பன்னு, வெண்ணெய் தனியா."

தையல்காரம்மாவுக்கு விஷயம் போனது. அவள் துள்ளிக் குதித்தாள். "வெள்ளிக்கெழம போ! பொதுமக்கள் நேரம்னு மூணு நிமிஷம் குடுப்பாங்கல்ல, மைக்கப் புடிச்சு ரெண்டையும் படி. மானத்த வாங்கு ரெண்டு பேருக்கும்! நான் வந்து கை தட்டுறேன்."

ரொட்டியக்காவுக்கும் ஆசைதான். பொய் சொல்வானேன், அன்றைக்கு முழுக்க மனசுக்குள் அதைப் பேசிப் பார்த்தாள். எங்கே நிறுத்த வேண்டும், கடல் என்ற இடத்தில் எப்படி இழுக்க வேண்டும் என்பது வரைக்கும் ஒத்திகை ஆகிவிட்டது. ஆனால் பேசி முடித்த பிறகு என்ன நடக்கும் என்றும் யோசித்தாள். எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்தால் இரண்டு கட்சிக்கும் ரோஷம் வரும். ரோஷம் வந்தவன் கை தூக்குவானா? மூன்று நிமிடம் ஜெயித்துவிட்டு ஒன்றாம் தேதி சாவியைக் கொடுக்க வேண்டியதுதான். கைதட்டலை அடுப்பில் வைத்தால் ரொட்டி வேகாது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு பேரையும் கடைக்கு வரச் சொன்னாள். மீட்டிங் என்று சொல்லவில்லை, அடுப்பைத் தூக்க ஆள் வேண்டும் என்றாள். தீர்மானம் பெஞ்சுக் காலைத் தாண்டினார். திருத்தம் தட்டப் போய்க் கடைசி நிமிடத்தில் தாண்டினான். அப்போதுதான் சுவிட்சை அணைத்திருந்தாள். அறையில் நிற்க முடியவில்லை. இரண்டு பேர் சட்டையும் ஐந்து நிமிடத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவள் அவசரப்படவே இல்லை. பழைய நோட்டீசைக் கணவர் கையிலும் புதுசைத் தம்பி கையிலும் கொடுத்தாள்.

"நீங்க சத்தமாப் படிங்க. நீ உன்னோடதுல வெரல் வச்சுக் கூடவே வா."

"என்ன வெளையாட்டு இது?"

"படிங்கங்க."

தீர்மானம் மேடைக் குரலில் தொடங்கினார். இரண்டாவது வரியில் தம்பியின் விரல் வேகம் குறைந்தது. மூன்றாவது வரியில் இரண்டு பேர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில், "இந்தக் கடல்..." என்று வந்து, இரண்டு பேரும் நின்றார்கள். முதலில் சிரித்தது மாவுக்காரர். மாவுக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் தீர்மானத்துக்கு அடக்க முடியவில்லை.

தம்பி சிரிக்கவில்லை. நோட்டீசை நாலாக மடித்தான்.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு மாமா. அந்தத் திட்டத்துக்காக நான் எட்டு மாசம் அலைஞ்சேன். ஒவ்வொரு கடையா ஏறி எறங்கி மீட்டரப் பாத்து எழுதினேன். முதல்ல எழுதினது இந்தக் கடை மீட்டர். சபையில நீங்க கைய மடக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அது கூடப் பரவால்ல. வெளிய வந்து, 'என்ன மச்சான், கடன்காரா'ன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க பாருங்க... ஒரு வாரம் தூங்கல நான்."

தீர்மானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணி ஈரம், கண்ணாடி இன்னும் மோசமானது.

"தப்புதான் மச்சான்" என்றார். குரல் மேடைக்குரல் இல்லை. "அன்னைக்கே படிச்சேன் அத. நல்ல திட்டம்னு தெரியும். கட்சி சொல்லுச்சுன்னு கைய மடக்கினேன். அன்னைக்கு நான் தூக்கியிருந்தா இவ அடுப்பு ரெண்டு வருஷம் முன்னாடியே மாறியிருக்கும்."

ரொட்டியக்கா கணவரை இருபது வருடமாகப் பார்க்கிறாள். தப்பு என்ற சொல்லை அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. அவள் கண் கலங்கியதை மறைக்க அடுப்புப் பக்கம் திரும்பினாள், திரும்பிய வேகத்தில் கோபம்தான் வந்தது.

"இங்க வந்து கைய வைங்க ரெண்டு பேரும். இந்தக் கதவோரத்துல. சுடுதா? நான் காசு குடுத்து வாங்கின சூடு இது. என் கண்ணு முன்னாடி வெளிய போகுது. நீங்க அதுக்குக் கடன்னு பேரா மானியம்னு பேரான்னு சண்டை போடுறீங்க. எனக்கு யார் கடனும் வேணாம், யார் மானியமும் வேணாம். என் மிச்சம் எனக்கு வேணும். அவ்வளவுதான்."

தீர்மானம், "மிச்சம்" என்றார்.

திருத்தம், "மிச்சத்துல வாங்கி, மிச்சத்துல கட்டி..." என்று இழுத்து, மாமாவைப் பார்த்தான். "இதையே பேரா வச்சா எங்க கட்சியால எதிர்க்க முடியாது. மிச்சம் வேணாம்னு எவன் நோட்டீஸ் போடுவான்?"

"எங்க தலைவர் போட்டோ போயிருமே!"

"அது உங்க பாடு மாமா. ஏழாவது விதி என் பாடு."

வெள்ளிக்கிழமை சபையில் மேலே ஆறு மின்விசிறிகள் சுற்ற, ஒன்று மட்டும் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பொதுமக்கள் பெஞ்சில் ரொட்டியக்கா, மாவுக்காரர், தையல்காரம்மா, ஓரத்தில் மீட்டர் அம்மா. ஆளுங்கட்சியில் ஒருவர் வெளியூர் போய்விட்டார் என்று வந்ததுமே தெரிந்தது. அப்போதே அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

தீர்மானம் எழுந்து திட்டத்தை முன்மொழிந்தார். தலைவர் ஒளி வெள்ளம் என்ற இடம் வந்ததும் இருமிவிட்டு, வெறும் திட்டம் என்று படித்தார். தலைவரின் புருவம் ஏறியது. திருத்தம் எழுந்தான். சபையே, ஆரம்பித்துவிட்டான் என்று நாற்காலியில் சாய்ந்தது.

"ரெண்டு திருத்தம். ஒண்ணு, உரிமையாளர்ங்கற எடத்துல, மின் இணைப்ப யார் பயன்படுத்துறாங்களோ அவங்கன்னு மாத்தணும். வாடகைக்காரங்க கடைய விட்டுப் போனா, அடுத்து வர்றவங்க பில்லுல தவணை தொடரும். மெஷின் மீட்டரோட இருக்கும், ஆளோட போகாது. ரெண்டு, இதுக்குப் பேர் மிச்சத் திட்டம்."

"திருத்தத்த ஏத்துக்கிறேன்" என்றார் தீர்மானம். மச்சானின் திருத்தத்தை மாமன் ஏற்றுக்கொண்டது அந்தச் சபையின் வரலாற்றிலேயே முதல் தடவை. கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் பேனாவை நிறுத்தி, சரியாகத்தான் கேட்டோமா என்று மறுபடி கேட்டார்.

கைகள் எழுந்தன. ஆளுங்கட்சியில் நாலு. எதிர்க்கட்சியில் திருத்தமும் அவனோடு இரண்டு பேரும். மற்ற இரண்டு பேர் கட்சி மேலிடத்திலிருந்து வந்த போனைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏழு. ரொட்டியக்கா மறுபடி எண்ணினாள். ஏழுதான். தலைவர் கை மேசையிலேயே இருந்தது.

அவர் மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப இதுல நான் எங்க இருக்கேன்?" என்றார். சபை முழுக்கக் கேட்டது.

ரொட்டியக்கா எழுந்துவிட்டாள். எழுந்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

"ஐயா, ஒரு நிமிஷம்."

"பொதுமக்கள் நேரம் முடிஞ்சிருச்சும்மா."

"நான் பொதுமக்கள் இல்லங்கய்யா, ரொட்டிக்கடை." சிரிப்பு எழுந்தது. அவள் காத்திருக்கவில்லை. "அடுப்பு வந்ததும் முதல் ரொட்டிய நீங்கதான் வந்து எடுக்கணும். கூட நின்னு போட்டோ எடுத்துக்கலாம். அடுப்புல ஒட்டின போட்டோ கருகிப் போகும் ஐயா. இதப் பெருசாக் கண்ணாடி போட்டு என் கடை வாசல்ல மாட்டுறேன். காலைல முந்நூறு பேர் ரொட்டி வாங்குறாங்க."

தலைவர் அவளைப் பார்த்தார். முந்நூறு என்பதை மனசுக்குள் எதனாலோ பெருக்கிப் பார்த்தார். "எந்தப் பக்கம் வாசல்?" என்றார்.

"மெயின் ரோட்டப் பாத்த வாசல் ஐயா."

கை எழுந்தது. எட்டு. தையல்காரம்மா சொன்னபடியே கை தட்டினாள். மாவுக்காரருக்கு நடந்தது பாதிதான் புரிந்தது. ஒன்றாம் தேதி சாவி கொடுப்பதாக இருந்ததை அவள் அப்போதுதான், அந்தப் பெஞ்சில், அவர் காதில் சொன்னாள். "சொல்லியிருக்கலாம்லக்கா, நானும் சேர்ந்து கவலப்பட்டிருப்பேன்" என்றார்.

அடுப்பு உடனே வந்துவிடவில்லை. எந்தத் திட்டம் உடனே வந்திருக்கிறது? நடுவில் தேர்தல் வந்து ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் பழையவர்கள் திட்டங்களையெல்லாம் வரிசையாக உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கிடப்பில் போட்டார்கள். தலைவர் பெயரில் இருந்த பூங்கா போனது, தலைவர் பெயரில் இருந்த நூலகத்துக் கட்டடம் பாதியில் நின்றது. மிச்சத் திட்டத்தில் மட்டும் யார் பெயரும் இல்லை. கிழிக்க ஒரு படமும் இல்லை. அதற்குத் திருத்தம் கொண்டுவந்தவனே இப்போது துணைத்தலைவர். கோப்பு மெதுவாக, ஆனால் நிற்காமல் நகர்ந்தது. அதுவரை ரொட்டியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள், கட்டடத்துச் சொந்தக்காரரிடம் வாடகைக்கு ஐந்து மாதம் தவணை சொன்னாள்.

ஒரு காலையில் நாலு பேர் சுமந்து வந்து வைத்தார்கள். மீட்டர் அம்மா நின்று பொருத்திப் பார்த்தாள். கதவை மூடினால் கிளிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். பெஞ்சுக் காலைத் தூக்கிக் கொல்லையில் போட்டாயிற்று, ஆனாலும் மாவுக்காரர் அந்த இடம் வந்ததும் காலைத் தூக்கித் தாண்டுகிறார். இன்னும் தாண்டுகிறார். முதல் ரொட்டிக்குப் பழைய தலைவர் வந்தார், கேள்விப்பட்டுப் புதுத் தலைவரும் வந்தார், ஒரே தட்டை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு நின்றதுதான் இப்போது வாசலில் தொங்குகிற படம்.

கூட்டமெல்லாம் போன பிறகு பதினொரு மணிக்குச் சுவிட்சை அணைத்தாள். நேற்றைய ரொட்டியைத் துண்டு போட்டாள். கை பழக்கத்தை மறந்திருக்கும் என்று நினைத்தாள், மறக்கவில்லை. தட்டை உள்ளே தள்ளிக் கதவை மூடினாள். அறை அறையாக இருந்தது, வேகவில்லை. இரண்டு மணி வரைக்கும் கதவைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பாவம், நாலு தடவை கைப்பிடியில் கை வைத்துவிட்டு எடுத்தாள்.

திறந்தபோது சூடு முகத்தில் வந்து மோதியது. ஒரு துண்டை எடுத்து இன்னொன்றில் தட்டினாள். டக்கென்று காய்ந்த சத்தம். நடுவில் உடைத்துப் பார்த்தாள். நமுக்கவே இல்லை. மாவுக்காரர் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை ஜோக் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவோடு, எப்போதும்போலத் தலையை மட்டும் நீட்டினாள். பதிலை எதிர்பார்க்காத கேள்வி, பாதித் திரும்பிக்கொண்டேதான் கேட்டாள்.

"மிச்சம் இருக்கா?"

"இருக்கு" என்றாள் ரொட்டியக்கா.